தொடர் இணைப்பும் பக்க இணைப்பும்: மேசைமேல் அளந்து கற்க முழுமையான வழிகாட்டி

தொடர் இணைப்பில் மின்தடைகளைக் கூட்ட வேண்டும், பக்க இணைப்பில் அவற்றின் தலைகீழிகளைக் கூட்ட வேண்டும். பத்தாம் வகுப்பு மாணவர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார். அதே மாணவரிடம் நான்கு பேட்டரி, இரண்டு ரெசிஸ்டர் (கடையில் கிடைக்கும் மின்தடை), மின்னழுத்தம், மின்னோட்டம், தடை மூன்றையும் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் கொடுத்து, "பக்க இணைப்பில் போட்டு மின்னோட்டத்தை அளந்து சொல்" என்றால் பல நேரம் மீட்டரின் பியூஸ்தான் முதலில் போகிறது.

சில ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்துவருகிறேன். தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கின்றன. அந்த இடங்களில் கால் இடறாதபடி படிகளை அடுக்கியிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள், ஒரு படியில் எழுதிவைத்த எண் அடுத்த படிக்கு வேண்டியிருக்கும்.

இதில் வீட்டு மின்சாரத்தைத் தொடும் வேலை எதுவும் கிடையாது. 230 வோல்ட் வருமிடங்கள் எல்லாம் தாளில் போட்டுப் பார்க்கும் கணக்குகள்.

1. வாங்கிவைக்க வேண்டியவை

சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி நான்கு, நான்கையும் வைக்க ஒரு பெட்டி, இரண்டு மட்டும் வைக்க இன்னொரு பெட்டி, ஒரு சிறிய பிரெட்போர்டு (பற்றவைக்காமல் துளைகளில் சொருகியே சுற்று அமைக்கும் பலகை), அதில் சொருகும் ஜம்பர் ஒயர்கள், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். ரெசிஸ்டரில் 1 கிலோஓம் ஐந்து, 2 கிலோஓம் இரண்டு. கால் வாட் போதும். கடையில் 2 கிலோஓம் இல்லையென்றால் கவலை வேண்டாம். இரண்டு 1 கிலோஓமைத் தொடராகச் சேர்த்தால் அதுவே ஆகிவிடும்.

டார்ச்சில் போடும் இழை பல்பு, 2.5 வோல்ட் 0.3 ஆம்பியர், ஒரே மாதிரி இரண்டும் அவற்றுக்கு ஹோல்டரும் கிடைத்தால் வாங்குங்கள். எல்.இ.டி. டார்ச் பல்பு இங்கே உதவாது. இழை பல்பு அரிதாகிவிட்டது. கிடைக்காவிட்டால் 8ஆம் பகுதியைப் படித்துவிட்டு நகரலாம்.

"100 ஓம் வாங்கினால் என்ன?" என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். 6 வோல்ட்டில் 100 ஓம் வைத்தால் 0.06 ஆம்பியர் ஓடும். 6 × 0.06 = 0.36 வாட். கால் வாட் ரெசிஸ்டர் அதைத் தாங்காது. விரலைச் சுடும், நிறம் கருகும். கிலோஓமில் மில்லிஆம்பியர்தான் ஓடும் என்பதால் தவறாகச் சொருகினாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

நிறப்பட்டையைப் பார்த்துப் பிரித்துவையுங்கள். பழுப்பு, கருப்பு, சிவப்பு, பொன் என்றால் 1 கிலோஓம். சிவப்பு, கருப்பு, சிவப்பு, பொன் என்றால் 2 கிலோஓம். கடைசிப் பொன்பட்டை 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று சொல்கிறது. ஆகவே ஒவ்வொன்றையும் மீட்டரில் தனியாக அளந்து, 980, 1012 என்று வருவதை அப்படியே நோட்டில் எழுதுங்கள்.

2. பிரெட்போர்டும் மீட்டரும் கைக்குப் பழக வேண்டும்

பிரெட்போர்டின் நடுப்பகுதியில் ஐந்து ஐந்து துளைகளாக உள்ளுக்குள் இணைந்திருக்கும். நடுவே ஓடும் பள்ளத்தைத் தாண்டி இணைப்பு கிடையாது. ஓரங்களில் நீளவாக்கில் ஓடும் வரிசைகள் பேட்டரிக்கானவை. நீளமான சில பலகைகளில் இந்த ஓர வரிசை பாதியில் அறுந்து இரண்டாக இருக்கும். மீட்டரைப் 'பீப்' ஒலிக்கும் நிலையில் வைத்து, எந்தத் துளை எதோடு சேர்ந்திருக்கிறது என்று நீங்களே தொட்டுப் பாருங்கள்.

புதியவர்களின் முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. ரெசிஸ்டரின் இரு கால்களையும் ஒரே ஐந்து துளைக் குழுவில் சொருகிவிடுகிறார்கள். பார்ப்பதற்கு அழகாக உட்கார்ந்திருக்கும். ஆனால் இரு காலும் அடியில் உலோகத்தால் சேர்ந்துவிட்டதால் அந்த ரெசிஸ்டர் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

மீட்டரில் கருப்புக் கம்பி எப்போதும் 'காம்' என்ற துளையில். மலிவான மீட்டர்களில் சிவப்புக் கம்பியின் துளை வோல்ட், ஓம், மில்லிஆம்பியர் மூன்றுக்கும் பொது. 10 ஆம்பியருக்குத் தனித் துளை. அந்தத் துளைக்குப் பல மீட்டர்களில் பியூஸே கிடையாது.

வோல்ட் நிலையில் மீட்டரின் உட்தடை மிக அதிகம்; மலிவான டிஜிட்டல் மீட்டரிலும் ஏறத்தாழ 10 லட்சம் ஓம் இருக்கும். அதனால் ஒரு பொருளின் இரு முனைகளிலும் பக்கவாட்டில் வைத்துத் தொடலாம், சுற்று பாதிக்கப்படாது. ஆம்பியர் நிலையில் உட்தடை சில ஓம்தான். அதைச் சுற்றை வெட்டி, வெட்டிய இடத்தில் புகுத்த வேண்டும். அதாவது மின்னழுத்தத்தை அளப்பது ஒரு பக்க இணைப்பு, மின்னோட்டத்தை அளப்பது ஒரு தொடர் இணைப்பு. மில்லிஆம்பியர் நிலையில் இரு கம்பிகளையும் பேட்டரியின் இரு முனைகளில் வைத்தால் பேட்டரி மீட்டர் வழியாகவே குறுக்கிணைந்துவிடும். பியூஸ் போவது அப்படித்தான்.

எனவே ஒவ்வொரு ஆம்பியர் அளவும் முடிந்தவுடன் மீட்டரின் திருகை வோல்ட் நிலைக்குத் திருப்பிவிடுங்கள். அடுத்த அளவை எடுக்கும்போது திருப்பலாம் என்று விட்டால் மறந்துபோகும்.

3. சந்திப்புகளை எண்ணுங்கள், வடிவத்தை நம்பாதீர்கள்

புத்தகத்தில் தொடர் இணைப்பைக் கிடைக்கோட்டிலும் பக்க இணைப்பை ஏணிபோலவும் வரைந்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பழகிய கண், பிரெட்போர்டில் அருகருகே நிற்கும் இரண்டு ரெசிஸ்டரைப் 'பக்க இணைப்பு' என்று சொல்லிவிடும். பக்கத்தில் இருப்பதால் அது பக்க இணைப்பு ஆகிவிடாது.

கம்பிகள் கூடும் ஒவ்வோர் இடமும் ஒரு சந்திப்பு. ஒரே கம்பியால் சேர்ந்த துளைகள் எத்தனை இருந்தாலும் அவை சேர்ந்து ஒரே சந்திப்புதான். இரண்டு பொருள்கள் ஒரு சந்திப்பில் கூடி, அங்கே மூன்றாவது யாரும் வந்து சேரவில்லை என்றால் அவை தொடர். ஒன்றின் இரு முனைகளும் மற்றதன் இரு முனைகளோடு முறையே சேர்ந்திருந்தால் அவை பக்கம். இரண்டிலும் அடங்காதவை உண்டு. அவற்றை எதற்குள்ளும் திணிக்காதீர்கள்.

சொருகுவதற்கு முன்பே தாளில் வரைந்து, சந்திப்புகளுக்கு அ, ஆ, இ என்று பெயரிடுங்கள். பிரெட்போர்டில் அ என்ற எழுத்துக்கு ஒரு ஐந்து துளைக் குழு, ஆ என்பதற்கு இன்னொன்று. இப்படிச் செய்பவர்கள் தவறாகச் சொருகி நான் பார்த்ததே இல்லை.

4. ஒற்றை ரெசிஸ்டரில் தொடங்குங்கள்

நான்கு பேட்டரிகளையும் பெட்டியில் போட்டு மின்னழுத்தத்தை அளங்கள். கணக்குப்படி 6 வோல்ட். புதிய ஆல்கலைன் என்றால் 6.3, 6.4கூடக் காட்டும். 3 வோல்ட் அருகே காட்டினால் ஒரு பேட்டரியைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். நான்கும் தொடரில் இருப்பதால் திரும்பியது தன் 1.5 வோல்ட்டைச் சேர்க்காமல் கழிக்கிறது: மூன்று கூட்டி, ஒன்று கழித்து, மிச்சம் 3 வோல்ட்.

இப்போது 1 கிலோஓமை மட்டும் இணைத்து மின்னோட்டத்தை அளங்கள். 6 ÷ 1000 = 0.006 ஆம்பியர், அதாவது 6 மில்லிஆம்பியர். 2 கிலோஓமில் 3 மில்லிஆம்பியர். இரண்டையும் எழுதிவையுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள், பின்னால் எண் பொருந்தாதபோது கோளாறு மீட்டரிலா, பேட்டரியிலா, இணைப்பிலா என்று தெரியாமல் எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி சொருகுகிறார்கள்.

இனி வரும் எண்கள் சரியாக 6 வோல்ட் என்று வைத்துப் போட்டவை. உங்களுடையது 6.3 என்றால் அதற்கேற்பச் சற்றுக் கூடும்.

5. தொடர் இணைப்பு: செய்து, பிறகு அறுத்துப் பாருங்கள்

பேட்டரியின் நேர்முனை அ. அ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவே 1 கிலோஓம். ஆ-வுக்கும் இ-க்கும் நடுவே 2 கிலோஓம். இ என்பது எதிர்முனை.

மொத்தத் தடை 3000 ஓம். மின்னோட்டம் 2 மில்லிஆம்பியர். மீட்டரை முதலில் பேட்டரிக்கும் 1 கிலோஓமுக்கும் இடையிலும், பிறகு இரண்டு ரெசிஸ்டருக்கும் நடுவிலும், கடைசியாக எதிர்முனைக்கு முன்பும் புகுத்துங்கள். மூன்று இடத்திலும் அதே 2 மில்லிஆம்பியர். "முதல் ரெசிஸ்டர் கொஞ்சம் தின்றுவிடும், இரண்டாவதற்குக் குறைவாகத்தான் போகும்" என்ற எண்ணம் பலர் மனத்தில் ஆழமாக ஊறியிருக்கிறது. சொல்லித் திருத்துவதைவிட இந்த மூன்று அளவுகளே அதைத் திருத்தும்.

அடுத்து மின்னழுத்தம். 1 கிலோஓமின் இரு கால்களில் 2 வோல்ட், 2 கிலோஓமில் 4 வோல்ட். ஒரே மின்னோட்டம் ஓடுவதால் தடை இரட்டிப்பான இடத்தில் மின்னழுத்தமும் இரட்டிப்பு. கூட்டினால் பேட்டரியின் 6.

பெரும்பாலான பாடங்கள் இத்தோடு நிறுத்திவிடுகின்றன. நீங்கள் நிறுத்தாதீர்கள். 2 கிலோஓமின் ஒரு காலை மட்டும் உருவிவிடுங்கள். மின்னோட்டம் நின்றுவிட்டது. இப்போது 1 கிலோஓமின் இரு கால்களை அளந்தால் சுழி. அறுந்த இடைவெளியின் இரு பக்கமும் அளந்தால் எவ்வளவு என்று முதலில் ஊகித்துச் சொல்லச் சொன்னால், என் பிள்ளைகளில் அநேகமாக எல்லோரும் சுழி என்றே சொல்வார்கள். மீட்டர் முழு 6 வோல்ட்டைக் காட்டும்.

காரணம் எளிது. மின்னோட்டம் இல்லாதபோது ரெசிஸ்டரில் மின்னழுத்தம் சிறிதும் வீழ்வதில்லை. பேட்டரியின் முழு அழுத்தமும் அறுந்த வாயிலேயே வந்து நிற்கிறது. தொடர் சுற்றில் கோளாறு தேடும் வழியும் இதுவே: ஒவ்வொரு துண்டாக அளந்துகொண்டே போங்கள், முழு மின்னழுத்தம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் அறுப்பு.

ஊர்த் திருவிழாப் பந்தலில் இதை ஒரு முறை நேரில் பார்த்தேன். பழைய மாதிரி சீரியல் செட். 6 வோல்ட் பல்பு 40, தொடராகக் கோத்து 230 வோல்ட்டில் சொருகியது, ஒவ்வொன்றுக்கும் 5.75 வோல்ட் பங்கு. ஒரு பல்பு போனால் நாற்பதும் அணையும். பந்தல்காரப் பையன் ஒருவன், போன பல்பைக் கிள்ளியெறிந்துவிட்டு ஒயரை முறுக்கிச் சேர்த்துக்கொண்டே வந்தான். சேர்த்தவுடன் எரிந்தது, அவனுக்கு மகிழ்ச்சி. பத்துப் பல்பு கழிந்தபோது மிச்சம் 30, பங்கு 7.67 வோல்ட். கண் கூசும் வெளிச்சத்தோடு மீதியும் ஒவ்வொன்றாகக் கருகத் தொடங்கின.

அதைவிட எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு. விளக்கு எரியாததால் அந்தப் பையன் பிளக்கைப் பிடுங்காமலே கை வைத்துக்கொண்டிருந்தான். அறுந்த பல்பின் இரு ஒயர் முனைகளுக்கும் நடுவே நின்றது 5.75 வோல்ட் அல்ல, முழு 230. மேசைமேல் நீங்கள் அளந்த அதே 6 வோல்ட்தான் அங்கே 230ஆக நிற்கிறது.

இன்றைய எல்.இ.டி. செட்டுகளில் பல, தொடராகக் கோத்த சில வரிசைகளைப் பக்க இணைப்பில் வைத்தவை. ஒரு துண்டு மட்டும் இருண்டு மற்றவை எரிவது அதனால்தான்.

6. பக்க இணைப்பு

1 கிலோஓமின் ஒரு கால் அ-வில், மற்றது ஆ-வில். 2 கிலோஓமுக்கும் அப்படியே. அ நேர்முனை, ஆ எதிர்முனை. இரண்டே சந்திப்புகள்.

இரண்டின் மீதும் மின்னழுத்தம் 6 வோல்ட். தனித்தனியாக மின்னோட்டத்தை அளந்தால் 6 மில்லிஆம்பியர், 3 மில்லிஆம்பியர். 4ஆம் பகுதியில் எழுதிய அதே எண்கள். ஒன்றின் இருப்பு மற்றதைத் தொடவே இல்லை. பேட்டரியிலிருந்து வரும் கம்பியில் 9 மில்லிஆம்பியர்.

எந்த மின்னோட்டத்தை அளக்கிறோம் என்பதில்தான் குழப்பம் வரும். கிளையின் மின்னோட்டம் வேண்டுமென்றால் அந்த ரெசிஸ்டரின் ஒரு காலை மட்டும் உருவி, காலுக்கும் சந்திப்புக்கும் நடுவே மீட்டர். மொத்தம் வேண்டுமென்றால் பேட்டரிக்கும் சந்திப்புக்கும் நடுவே.

6 வோல்ட்டில் 9 மில்லிஆம்பியர் ஓடினால் மொத்தத் தடை 6 ÷ 0.009, அதாவது ஏறத்தாழ 667 ஓம். இரண்டு தடையைச் சேர்த்தும் இரண்டையும்விடக் குறைவான தடை. இதற்குத் தண்ணீர்க் குழாய் உவமை சொல்வார்கள்; நான் சொல்வதில்லை. மின்னோட்டம் போக இன்னொரு வழி திறந்ததால் அதே 6 வோல்ட் முன்பைவிட அதிக மின்னோட்டத்தைச் செலுத்துகிறது என்று மீட்டரே சொல்லிவிட்டது.

தாளில் போடும்போது இரண்டு தவறுகள் அடிக்கடி வரும். 1/1000 + 1/2000 = 0.0015 என்று கூட்டிவிட்டு அதையே விடையாக எழுதுவது ஒன்று. அதைத் திருப்பினால்தான் 667. 'பெருக்கலை கூட்டலால் வகுத்தல்' என்ற குறுக்குவழியை மூன்று ரெசிஸ்டருக்கும் அப்படியே நீட்டுவது இன்னொன்று. அது இரண்டுக்கு மட்டுமே செல்லும். மூன்று இருந்தால் முதல் இரண்டை முடித்து, வந்த விடையை மூன்றாவதோடு சேருங்கள். எப்படிப் போட்டாலும் விடை இருப்பதிலேயே சிறிய தடையைவிடக் குறைவாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் தவறு.

7. கலப்புச் சுற்று: உள்ளிருந்து வெளியே

6ஆம் பகுதியில் செய்த ஜோடியைக் கலைக்காமல், பேட்டரிக்கும் அதற்கும் நடுவே இன்னொரு 1 கிலோஓமைப் புகுத்துங்கள்.

ஜோடியை முதலில் சுருக்குங்கள்: 667 ஓம். அதோடு 1000 தொடர், மொத்தம் 1667. மின்னோட்டம் 3.6 மில்லிஆம்பியர். தனி ரெசிஸ்டரின் மீது 3.6 வோல்ட், ஜோடியின் மீது மிச்சம் 2.4 வோல்ட். கிளைகளில் 2.4, 1.2 மில்லிஆம்பியர், கூட்டினால் அதே 3.6. தாளில் ஐந்து எண்களையும் எழுதிவிட்டு அளந்தால்தான் பயன். அளந்த பிறகு போடும் கணக்கு எப்போதும் சரியாகத்தான் வரும்!

ஜோடிக்கு இன்னமும் 6 வோல்ட் கிடைக்கிறது என்று எண்ணிக் கணக்குப் போடுவது இங்கே வழக்கமான தவறு. பக்க இணைப்பில் மின்னழுத்தம் சமம் என்றால் கிளைகளுக்குள் சமம் என்றே பொருள். பேட்டரிக்குச் சமம் என்று பொருளில்லை.

8. பல்பு ஏன் கணக்குக்கு அடங்குவதில்லை

பல பாடங்கள் பல்பில்தான் தொடங்கும். நான் கடைசியில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. டார்ச் பல்பை மீட்டரில் வைத்து அளந்தால் ஓரிரு ஓம்தான் காட்டும். 2.5 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் ஓடி எரியும்போது அதன் தடை 8 ஓமுக்கு மேல். இழை சூடேறச் சூடேறத் தடை ஏறுகிறது. இது தெரியாமல் தொடங்கினால் ஓம் விதியே பொய் என்று தோன்றிவிடும்.

இரண்டு பேட்டரிப் பெட்டியில், அதாவது 3 வோல்ட்டில், ஒரு பல்பை எரியவிட்டு மின்னோட்டத்தை 10 ஆம்பியர் துளையில் அளங்கள். பிறகு இரண்டு பல்பைத் தொடராக இணையுங்கள். வெளிச்சம் மங்கிச் செம்மஞ்சளாகும். மின்னோட்டமோ பாதியாகக் குறையாமல் பாதிக்கு மேலேயே நிற்கும். குளிர்ந்த இழையின் தடை குறைந்துவிட்டதே காரணம்.

தாளில் ஒரு புதிர்: 230 வோல்ட்டுக்கான 40 வாட், 100 வாட் இழை பல்புகளைத் தொடரில் போட்டால் எது பளிச்சென்று எரியும்? 40 வாட் பல்பின் தடை 1322 ஓம், 100 வாட் பல்பின் தடை 529 ஓம். ஒரே மின்னோட்டம் என்பதால் தடை அதிகமுள்ள 40 வாட் பல்பே அதிகம் எரியும். 100 வாட்டின் இழை சிவப்பதே சந்தேகம்.

9. எண் பொருந்தாவிட்டால்

சில சதவீத வேறுபாட்டைப் பொருட்படுத்தாதீர்கள். ரெசிஸ்டரின் 5 சதவீதமும், ஆம்பியர் நிலையில் மீட்டரின் உட்தடையும் அதற்குப் போதும்.

மின்னோட்டம் சுழி, பேட்டரி சரி என்றால் எங்கோ அறுப்பு, அல்லது மீட்டரின் பியூஸ் போயிருக்கிறது. எதிர்பார்த்ததைவிட மிக அதிகம் என்றால் ஒரு ரெசிஸ்டரின் இரு கால்களும் ஒரே குழுவில். ஓம் அளவு வினோதமாக வந்தால் பேட்டரியைக் கழற்றினீர்களா என்று பாருங்கள். கழற்றியும் குறைவாகக் காட்டினால், சுற்றில் இருக்கும் மற்ற ரெசிஸ்டர்கள் அதற்குப் பக்க இணைப்பாக நிற்கின்றன. ஒரு காலை உருவிவிட்டு அளங்கள்.

10. வீட்டுச் சுற்றைத் தாளில் படியுங்கள்

வீட்டில் விளக்கு, மின்விசிறி, மிக்ஸி எல்லாம் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பக்க இணைப்பில் இருக்கின்றன. ஒன்றை அணைத்தால் மற்றவை அணையாது. எல்லாவற்றுக்கும் 230 வோல்ட். ஆனால் ஒவ்வொன்றின் சுவிட்ச்சும் அதோடு தொடரில், மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் எம்.சி.பி. அந்தக் கிளை முழுவதற்கும் தொடரில்.

சுவிட்ச்சைப் பேஸில்தான் வைக்க வேண்டும் என்பதன் காரணம் 5ஆம் பகுதியில் உருவிய காலில் இருக்கிறது. நியூட்ரலில் வைத்தாலும் விளக்கு அணையும். ஆனால் அறுப்பு விளக்குக்குப் பின்னால் விழுவதால் ஹோல்டர் முழுவதும் பேஸோடு சேர்ந்தே நிற்கும். அணைத்துவிட்டோம் என்று பல்பு மாற்றப் போகிறவர் கையை அங்கேதான் வைப்பார்.

இனி எக்ஸ்டென்ஷன் பலகை. 6 ஆம்பியர் பலகையில் 1000 வாட் இஸ்திரிப்பெட்டி மட்டும் இருந்தால் 1000 ÷ 230 = 4.35 ஆம்பியர். பக்கத்துத் துளையில் 1500 வாட் கெட்டில் வந்து சேர்ந்தால் இன்னும் 6.52. மொத்தம் 10.87 ஆம்பியர். இரண்டு கருவியும் நன்றாகவே வேலை செய்யும், ஏனென்றால் பக்க இணைப்பில் ஒன்று மற்றதைத் தொடாது. முழுக் கூட்டுத்தொகையும் ஓடுவது பலகையின் ஒற்றை ஒயரிலும் சுவரில் சொருகிய பிளக்கிலும்தான். சூடாவதும் அங்கேதான். உங்கள் பலகையில் எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது என்று பார்த்து, அதில் சொருகியிருக்கும் ஒவ்வொன்றின் வாட்டையும் 230ஆல் வகுத்துக் கூட்டிப் பாருங்கள்.